இல்லை, அல்ல: மெய்யியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் மெய்யியல் பாடத்திட்டம் வகுக்கும் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் மெய்யியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என்னிடம் படித்திருக்கலாம். சிலரோடு நான் ஒரே மேசையில் விடைத்தாள் திருத்தியிருக்கலாம். நேரில் சொல்லப் பலமுறை முயன்று, கூட்டத்தின் நேரம் முடிந்துபோனதால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு வகுப்பிலிருந்து தொடங்குகிறேன். பி.ஏ. இரண்டாம் ஆண்டு, பிரெஞ்சு மெய்யியலாளர் டெகார்ட் பற்றிய பாடம். கரும்பலகையில் 'நான் சிந்திக்கிறேன். ஆகவே நான் இருக்கிறேன்' என்று எழுதினேன். கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "மேடம், இதுல 'இருக்கிறேன்'னா என்ன அர்த்தம்? எப்படி இருக்கேன்னு கேட்டா, ஏதோ இருக்கேன்னு சொல்றோம். எங்க இருக்கேன்னு கேட்டா, வீட்டுல இருக்கேன்னு சொல்றோம். எங்க ஆச்சி 'இரு'ன்னு சொன்னா உட்காருன்னு அர்த்தம். டெகார்ட் சொல்ற இருக்கிறேன் எது?"

வகுப்பு சிரித்தது. நான் ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, "எக்ஸிஸ்ட், அதுதான் பொருள்" என்று அவளை உட்கார வைத்துவிட்டேன். அந்த மூன்றாண்டில் அந்த வகுப்பில் யாரும் கேட்ட மெய்யியல் கேள்விகளில் அதுதான் மிகச் சிறந்தது என்பது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே எனக்கு உறைத்தது.

ஏனென்றால் அவள் கேட்டது மொழிபெயர்ப்புச் சந்தேகம் மட்டும் அல்ல. கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'இது மரம்' என்று சொல்லவும், 'மரம் உண்டு' என்று சொல்லவும் ஒரே வினைச்சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்குள் அடையாளமும் இருப்பும் சேர்ந்தே கிடந்தன. 'இருப்பு என்றால் என்ன' என்று ஐரோப்பிய மெய்யியல் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவருவதில் அந்த வினைச்சொல்லுக்கும் பங்கு இருக்கிறது. தமிழில் 'இது மரம்' என்பதில் வினையே கிடையாது. 'உள்' ஒரு பக்கம், 'இரு' ஒரு பக்கம், 'ஆகு' ஒரு பக்கம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அரபு மொழியிலும் இந்தச் சிக்கல் உண்டு. நிகழ்கால வாக்கியத்தில் இணைப்பு வினை வராது. அரிஸ்டாட்டிலை அரபுக்குக் கொண்டுவந்தவர்கள் என்ன செய்தார்கள், எந்தச் சொல்லை அந்த இடத்தில் நிறுத்தினார்கள், அதனால் என்ன குழப்பம் வந்தது என்பதையெல்லாம் 950இல் மறைந்த மெய்யியலாளர் அல் ஃபாராபி உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார். என் மாணவி பின்வரிசையில் நின்று கேட்டதும் அதே கேள்விதான். அல் ஃபாராபிக்கு அது மெய்யியலின் நடுக்கேள்வி. நானோ அவளை உட்காரச் சொன்னேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு மெய்யியல் அமைப்பின் பாரத்தைத் தாங்குபவை சில சொற்கள். அந்தச் சொற்களைத் தாங்குவது அந்த மொழியின் இலக்கணம். அந்த இடத்துக்கு மாணவரைக் கூட்டிப்போகாமல் அமைப்பைச் சொல்லிக்கொடுக்க முடியாது. நாமோ கூட்டிப்போவதே இல்லை. கையருகே கிடக்கும் சான்றையும் அவர்களுக்குக் காட்டுவதில்லை.

அந்தச் சான்று, சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான மெய்கண்டாரின் சிவஞானபோதம். 13ஆம் நூற்றாண்டு நூல். பன்னிரண்டு நூற்பா, நாற்பது அடி. இது ரௌரவ ஆகமத்தின் மொழிபெயர்ப்பா, தமிழிலேயே எழுந்த முதல்நூலா என்ற வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. நூல் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள்: 'அவன் அவள் அது எனும் அவை.' உலகம் தோன்றி நின்று ஒடுங்குவது என்று நிறுவ வந்தவர் உலகத்தை எப்படிச் சுட்டுகிறார்? அணு என்றோ பூதம் என்றோ தொடங்கவில்லை. ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால். ஒரு தமிழ்ப்பிள்ளை இலக்கண வகுப்பில் முதலில் படிக்கிற சுட்டுப்பெயர்களை அடுக்கி, இப்படிச் சுட்டிச் சொல்லக்கூடியதெல்லாம் உலகம் என்கிறார். சுட்டி அறியப்படுவது மாறக்கூடியது என்ற அவருடைய பெரிய கொள்கை அந்த மூன்று சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் நூற்பாவுக்கு வாருங்கள். அங்கேதான் அத்துவிதம் என்ற வடசொல்லை எடுத்துக்கொள்கிறார். இந்திய மெய்யியலையே பிளந்த சொல் அது. துவிதம் என்றால் இரண்டாயிருத்தல்; சண்டை முழுவதும் அதன் முன்னால் நிற்கும் 'அ' என்ற ஓரெழுத்தில் இருக்கிறது. வடமொழியில் அந்த எதிர்மறை முன்னொட்டுக்கு மூன்று பொருள் கொள்ளலாம்: இன்மை, அன்மை, மறுதலை. நமக்குப் பழகிய சொற்களிலேயே பார்க்கலாம். அபயம் என்றால் பயம் இல்லாமை; அது இன்மை. அநீதி என்றால் நீதிக்கு நேர் எதிர்; அது மறுதலை. அசைவச் சாப்பாடு என்றால் சைவம் அல்லாத வேறொன்று, அது அன்மை. மூன்றுக்கும் ஒரே 'அ'.

இன்மைப் பொருள் கொண்டால் அத்துவிதம் 'இரண்டு இல்லை, ஒன்றே' என்று ஆகும். மறுதலைப் பொருள் கொண்டால் நேர் எதிரே போய் நிற்கும். சைவ சித்தாந்திகள் கொண்டது அன்மைப் பொருள். 'இரண்டு அல்ல.' இறைவன் ஒரு பொருள், உயிர் ஒரு பொருள்; ஆனால் இரண்டாகப் பிரிந்து நிற்பவை அல்ல. 'அத்துவிதம் என்ற சொல்லே அந்நிய நாத்தியை உணர்த்து'கிறது, அதாவது வேறாக நிற்றல் இல்லை என்பதை உணர்த்துகிறது என்று மெய்கண்டார் ஒரு வரியில் முடித்ததை, 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான முனிவர் இந்த இன்மை, அன்மை, மறுதலைக் கணக்கை வைத்து விரித்து விளக்கினார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். வடமொழி முன்னொட்டில் மறைந்துகிடந்த வேறுபாடு தமிழில் மறையவே முடியாது. 'இல்லை' வேறு சொல், 'அல்ல' வேறு சொல். தொல்காப்பியம் வினையியலில் குறிப்பு வினைக்குப் பொருள் சொல்லும்போதே அன்மை, இன்மை என்று இரண்டையும் தனித்தனியே எண்ணிவிட்டது. 'பையில் பேனா இல்லை' என்பதும் 'இது பேனா அல்ல' என்பதும் நம் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே வேறு வேறு செய்தி. தமிழில் சிந்தித்த ஒருவருக்கு அத்துவிதம் என்ற சொல்லைக் கேட்டதும் 'இல்லையா, அல்லவா?' என்ற கேள்வி எழாமல் இருக்குமா? சித்தாந்தம் இந்த இலக்கணத்தால் மட்டும் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கும் கருவி அவர்கள் வாயிலேயே இருந்தது என்கிறேன்.

இன்றைக்குப் பேச்சில் 'இல்ல' வந்து 'அல்ல'வை விழுங்கிக்கொண்டிருக்கிறது. 'இது என் பேனா இல்ல' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். என் மாணவர்கள் விடைத்தாளிலும் 'ஆன்மா உடல் இல்லை' என்று எழுதுவார்கள். ஆன்மாவுக்கு உடல் இல்லை என்கிறார்களா, ஆன்மா வேறு, உடல் வேறு என்கிறார்களா என்று தெரியாமல் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருப்பேன். எழுத்துப்பிழை என்று அதை விட முடியாது. ஒரு கருத்துவேறுபாட்டைத் தாங்கும் சொல் அங்கே கைநழுவிப் போகிறது. மெய்யியல் வகுப்பில் காப்பாற்றாமல் வேறு எங்கே அதைக் காப்பாற்றப்போகிறோம்?

மூன்றாம் நூற்பாவை ஒருமுறை, பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், வகுப்பில் எடுத்தேன். உடம்பின் வேறாக ஆன்மா உண்டு என்பதற்கு மெய்கண்டார் வரிசையாகக் காரணம் அடுக்கும் நூற்பா அது. அதில் ஒன்று: 'எனது உடல் என்றலின்.' எனது உடல் என்று நாம் சொல்கிறோமே, அதனால். எனது வீடு என்றால் நான் வேறு, வீடு வேறு. அப்படியே எனது உடல் என்றாலும்.

ஒரு மாணவன் சட்டென்று கேட்டான்: "என் உயிர்னும் சொல்றோமே மேடம்? அப்ப நான் உயிரும் இல்லையா?" இன்னொருத்தி தமிழிலக்கியம் துணைப்பாடமாக எடுத்தவள். அவள் நன்னூலைக் கொண்டுவந்துவிட்டாள். ஆறாம் வேற்றுமையில் தன்னிலிருந்து பிரியாத உடைமை தற்கிழமை, தன்னின் வேறான உடைமை பிறிதின்கிழமை என்று இரண்டு உண்டே. சாத்தனது வீடு என்பது பிறிதின்கிழமை, சாத்தனது கை என்பது தற்கிழமை. இலக்கணக்காரர் உறுப்பைத் தற்கிழமையில் வைத்திருக்கும்போது மெய்கண்டார் எப்படி உடலைப் பிறிதின்கிழமையில் வைக்கலாம் என்றாள். கை சாத்தனுடைய பகுதி என்றால் சாத்தன் என்பதே உடம்பைத்தானே குறிக்கிறது?

அன்றைக்கு மணி அடித்த பிறகும் அரைமணி நேரம் யாரும் எழவில்லை. மெய்கண்டாரின் பக்கம் நின்றவர்கள், வழக்கில் உடம்பைச் சாத்தன் என்பது ஆகுபெயர் மாதிரி என்றார்கள். எதிர்ப்பக்கம் நின்றவர்கள், பேச்சு வழக்கை ஆதாரமாக எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும், வேண்டியதை மட்டும் பொறுக்க முடியாது என்றார்கள். நான் குறுக்கே பேசவில்லை. மொழிவழக்கிலிருந்து மெய்ம்மையை நிறுவலாமா என்ற கேள்விக்கு 20ஆம் நூற்றாண்டு ஆங்கில மெய்யியல் எத்தனையோ நூலகம் நிறைய எழுதியிருக்கிறது. தற்கிழமையும் பிறிதின்கிழமையும் தெரிந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள், அந்த நூல்களில் ஒன்றையும் படிக்காமல், அதே கேள்விக்குள் நேராக நடந்து போனார்கள். இலக்கணம் மெய்கண்டாருக்கு மட்டும் ஆயுதம் கொடுக்கவில்லை; அவரை மறுப்பவருக்கும் கொடுத்தது. அதனால்தான் இதை மெய்யியல் என்கிறேன், பக்தி என்று சொல்லவில்லை.

இனி என் மனக்குறை. என் முனைவர் பட்டத்துக்கு இந்த இல்லை, அல்ல வேறுபாட்டைத்தான் ஆய்வுத்தலைப்பாகக் கேட்டேன். மெய்யியல் துறையில், "இது இலக்கண ஆராய்ச்சியம்மா, தமிழ்த்துறைக்குப் போங்க" என்றார்கள். தமிழ்த்துறையில், "இது சமயத் தத்துவம், அங்கேயே பதிவு பண்ணுங்க" என்றார்கள். ஒரே வராந்தாவின் இரண்டு முனை. மூன்று மாதம் அந்த வராந்தாவில் நடந்துவிட்டு வேறு தலைப்பு எடுத்துக்கொண்டேன். இதில் தனிமனிதர் யாரையும் நான் குறை சொல்லவில்லை. இருவரும் அவரவர் விதிப்படி நடந்தார்கள். அந்த விதியைத்தான் சொல்கிறேன்.

சிவஞான முனிவர் இன்றைக்கு வந்தால் எந்தத் துறையில் சேர்வார்? சிவஞானபோதத்துக்குப் பேருரை கண்டவரும் அவர்தான். தொல்காப்பியத்தின் பாயிரத்துக்கும் முதல் சூத்திரத்துக்கும் விருத்தி எழுதியவரும், நன்னூல் விருத்தியுரையைத் திருத்திச் செப்பம் செய்தவரும் அவர்தான். அவருக்கு அது இரண்டு வேலையாக இருந்திருக்காது.

10ஆம் நூற்றாண்டு பாக்தாதில் ஒரு வாதம் நடந்தது. அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில், கிரேக்கத் தர்க்கம் கற்ற மத்தா இப்னு யூனுஸ் ஒரு பக்கம். அரபு இலக்கணக்காரர் அஸ்ஸீராஃபி எதிர்ப்பக்கம். தர்க்கம் எல்லா மொழிக்கும் பொது, அதற்கு இலக்கணம் தேவையில்லை என்று மத்தா வாதிட்டார். அஸ்ஸீராஃபி ஒரே ஓர் இடைச்சொல்லை எடுத்தார். நம் 'உம்' மாதிரி அரபில் 'வ' என்று ஒன்று உண்டு. இதற்கு எத்தனை பொருள், எங்கெங்கே எப்படி வரும், சொல்லுங்கள் என்றார். மத்தாவால் சொல்ல முடியவில்லை. நாம் 'உம்' என்பதற்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என்று எட்டுப் பொருள் மனப்பாடம் செய்தவர்கள்; அந்தக் கேள்வியின் கூர்மை நமக்குத் தெரியும். அன்றைக்கு வென்றது இலக்கணக்காரர்தான் என்று கதை சொல்லப்படுகிறது. எனக்கு வெற்றி முக்கியம் இல்லை. தர்க்கமும் இலக்கணமும் ஒரே அவையில் உட்கார்ந்து, ஒன்றை ஒன்று பதில் சொல்ல வைத்தன; அது வேண்டும் எனக்கு.

கலைச்சொல் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மெய்யியலாளர் ஹேகல் 1805இல், ஹோமரை மொழிபெயர்த்த ஃபோஸுக்கு எழுதிய கடிதத்தில், லூதர் பைபிளை ஜெர்மன் பேச வைத்தார், நீங்கள் ஹோமரை ஜெர்மன் பேச வைத்தீர்கள், நான் மெய்யியலுக்கு ஜெர்மன் கற்றுக்கொடுக்கப் பார்க்கிறேன் என்றார். அவர் அதற்காகப் புதுச்சொல் வார்க்கும் பட்டறை வைக்கவில்லை. வீட்டில் புழங்கும் 'ஆஃப்ஹேபன்' என்ற வினையை எடுத்தார். தூக்குவது, பத்திரப்படுத்துவது, நீக்குவது என்று மூன்றுக்கும் ஜெர்மானியர் அதைச் சொல்வார்கள். ஒன்றை நீக்கும்போதே அதைக் காத்து மேலே கொண்டுபோவது என்ற தம் இயங்கியலின் அச்சாணியை அந்த ஒரு சொல்லில் செருகினார்.

இதை நம் பாடநூல்களில் படிக்கும் மாணவர்களுக்கு, வேறு எங்கேயும் யாரும் சொல்லாத, நாக்கு சுளுக்கும் ஒரு கூட்டுச்சொல்லைக் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம். நானும் பல ஆண்டு கொடுத்திருக்கிறேன். ஒருநாள் வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே மகளிடம், "அந்தப் பாத்திரத்தை எடு, குழம்பை எடுத்து வை, மிச்சத்தை எடுத்துப் போடு" என்றேன். சொல்லிவிட்டுத் துணியோடு நின்றுவிட்டேன். தூக்கு, பத்திரப்படுத்து, நீக்கு. மூன்றும் 'எடு'தான்! அடுத்த நாள் வகுப்பில் ஹேகலை அங்கிருந்து தொடங்கினேன். 'எடு'வே மொழிபெயர்ப்பு என்று நான் சொல்லவில்லை. துணைவினை சேர்ந்தால்தான் தமிழில் பொருள் பிரிகிறது, ஜெர்மனில் ஒரே சொல் மூன்றையும் ஒருங்கே தாங்குகிறது. அந்த வேறுபாட்டையும் சேர்த்துத்தான் பேசினோம். ஆனால் அன்றைக்கு ஹேகல் அவர்களுக்கு வெளியாள் போலத் தெரியவில்லை.

உங்களில் சிலர் கேட்பீர்கள்: மொழிக்கு ஒரு மெய்யியல் என்று ஆகிவிடாதா? உண்மை எல்லோருக்கும் பொது அல்லவா? ஜெர்மன் தர்க்கவியலாளர் ஃப்ரேகே 1879இல் தர்க்கத்துக்கென்று தம் கருத்துக்குறியீட்டை அமைத்தபோது, மனித அறிவின் மேல் சொல் செலுத்தும் ஆட்சியை உடைப்பதும் மெய்யியலின் வேலை என்றுதானே எழுதினார்? எழுதினார். எழுவாய், பயனிலை என்ற இலக்கணப் பிரிவையே தர்க்கத்திலிருந்து விலக்கினார். ஆனால் எந்த இடத்தில் இலக்கணம் தர்க்கத்தை வழிதவற வைக்கிறது என்று முதலில் கண்டுகொண்டதால்தான் அவரால் விலக்க முடிந்தது. சொல்லின் ஆட்சியை உடைக்க நினைப்பவருக்கும் சொல் எப்படி ஆள்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். நம் மாணவர் பலருக்கு அரைகுறையாய்த் தெரிந்த ஆங்கிலத்தில் அது எப்படித் தெரியும்?

தமிழ்தான் மெய்யியலுக்கு ஏற்ற மொழி என்ற பெருமைப் பேச்சும் எனக்கு வேண்டாம். ஜெர்மனைப் பற்றி அப்படிப் பேசியவர்கள் உண்டு. அதனால் நன்மை விளைந்ததாகத் தெரியவில்லை. மெய்கண்டார் வடசொல்லைத் தமிழ்க் கண்ணால் படித்தார். என் மாணவி பிரெஞ்சுக்காரரின் வாக்கியத்தைத் தன் ஆச்சியின் காதால் கேட்டாள். அந்த வாக்கியத்தை டெகார்ட் 1637இல் முதலில் அச்சேற்றியதும் பள்ளிக்கூட லத்தீனில் அல்ல, தம் நாட்டு மொழியில்தான். பழைய ஏடுகளை மட்டும் நம்புகிறவர்களைவிடத் தம் இயல்பான அறிவைப் பயன்படுத்துகிறவர்கள் நன்றாக எடைபோடுவார்கள் என்று காரணமும் சொல்லியிருக்கிறார்.

ஆகையால் உங்களிடம் கேட்பவை இவை. மொழி மெய்யியல் தாளில் ஃப்ரேகே, ரசல், விட்கன்ஸ்டைன் இருக்கும் அதே அலகுக்குள் சிவஞானபோதத்தின் முதல் மூன்று நூற்பாவையும் வையுங்கள். சமயத் தாளுக்குள் தள்ளிவிடாதீர்கள். மணிமேகலையின் 29ஆம் காதையில் மலையில் புகை கண்டு நெருப்பை அறிவதற்கு 'அடுக்களை போல்' என்று எடுத்துக்காட்டு வருகிறதே, அதை அளவையியல் என்னும் தர்க்கப் பாடத்தின் முதல் வாரத்திலேயே படிக்கட்டும். இலங்கையில் உயர்தர மாணவர்கள் அளவையியலைத் தமிழிலேயே படித்துத் தேர்வு எழுதுகிறார்கள். அவர்களுடைய சொற்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிய விடையை, அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல் இல்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி எழுத்தில் ஆணை கொடுங்கள். தமிழ்த்துறை ஆசிரியர் ஒருவரும் மெய்யியல் துறை ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து நெறிப்படுத்தும் ஆய்வுகளுக்கு வழி திறங்கள். இந்தக் கடைசி ஒன்று மட்டும் நடந்தாலும் எனக்குப் போதும்.

சிவஞானபோதத்தில் ஒரு வெண்பாவின் நடுவே 'ஒன்றென்ற நீ' என்று வருகிறது. எல்லாம் ஒன்றே என்று சாதிப்பவனைப் பார்த்து, ஒன்று என்று சொன்ன நீ இருக்கிறாயே என்று மடக்குகிறார் மெய்கண்டார். அங்கே அவர் சொன்ன சொல் 'உளை', அதாவது 'உள்ளாய்'. இருக்கிறாய் என்று சொல்லவில்லை. பின்வரிசையிலிருந்து எழுந்த என் மாணவிக்கு அன்றைக்கு இந்தச் சொல்லை நான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். 'நான் உளேன்' என்று கரும்பலகையில் எழுதி, 'இருக்கிறேன்' என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவளையே சொல்லச் சொல்லியிருக்கலாம்.

பாடத்திட்டக் கூட்டத்துக்கு நீங்கள் கூப்பிட்டால் என் செலவிலேயே வருகிறேன். மூன்று நூற்பாவுக்கும் வகுப்புக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். மாணவர்கள் கேட்ட கேள்விகளும் அதில் இருக்கின்றன. பாதிக்கு மேல் இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மெய்யியல் ஆசிரியை ஒருவர்